கிணறு வற்றிய பிறகும் பாறைக்குள் எண்ணெய்

எட்டாம் வகுப்பில் பெட்ரோலியம் பற்றிய பாடம். கரும்பலகையில் வழக்கமான படத்தை வரைந்தேன். மேலே தரைமட்டம், அதன்மேல் துளையிடும் கோபுரம், கீழே சில பாறை அடுக்குகள், அவற்றுக்கு நடுவே கறுப்பாகத் தீட்டிய ஒரு பெரிய குளம். குழாய் அந்தக் குளத்துக்குள் இறங்கி நின்றது. பல ஆண்டுகளாக ஒவ்வொரு வகுப்பிலும் நான் வரைந்துவரும் படம் அது.

முன்வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள். "சார், நம்ம ஊர்க் கிணறு வத்துற மாதிரி எண்ணெய்க் கிணறும் வத்துமா?"

"வத்தும்மா" என்றேன்.

"அப்போ கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்துடுவாங்களா?"

"ஆமா, எடுத்துடுவாங்க."

மணி அடித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கும் படிக்காமல், படத்தைப் பார்த்துச் சொன்ன பதில் அது. குளம் என்று வரைந்துவிட்டால் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சலாம் என்றுதானே தோன்றும்? அன்று மாலையே தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் சொன்னது தவறு என்பது சிறிது நேரத்திலேயே தெரிந்துவிட்டது. உலக எண்ணெய் வயல்களில், பாறைக்குள் இருக்கும் எண்ணெயில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மேலே வருகிறது. மீதி மூன்றில் இரண்டு பங்கு, கிணறு 'வற்றிவிட்டது' என்று மூடப்படும்போதும் பாறைக்குள்ளேயே இருக்கிறது.

ஏன் அது வரவில்லை, அதை வரவழைக்கப் பொறியாளர்கள் தண்ணீரில் எதைக் கலக்கிறார்கள், அதில் எது வயல்களில் நிலைபெற்ற முறை, எது இன்னும் ஆய்வில் இருப்பது என்பதையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். இதற்குத் தேவையான அறிவியல் முழுவதும் நாம் ஏற்கெனவே கற்பிப்பதுதான்: அழுத்தம், பாகுநிலை, பரப்பு இழுவிசை, பலபடிகள்.

குளம் அல்ல, ஈர மணல்

கோடையில் ஆற்று மணலில் ஊற்று தோண்டியதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மேலே காய்ந்த மணல். இரண்டு அடி தோண்டினால் ஈரம். இன்னும் தோண்டினால் பள்ளத்தில் தண்ணீர் சுரந்து நிற்கும். அந்தத் தண்ணீர் மணலுக்கு அடியில் குளமாக இருக்கவில்லை. மணற்பரல்களுக்கு இடையே உள்ள சந்துகளில் இருந்தது.

எண்ணெயும் அப்படித்தான். மணல் காலப்போக்கில் இறுகி மணற்பாறையாகிறது. நல்ல மணற்பாறையின் கன அளவில் நூற்றில் 20 முதல் 25 பங்கு வரை வெற்றிடம் இருக்கலாம். அந்த வெற்றிடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. பல இடங்களில் அவற்றின் அகலம் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரைதான். நம் தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரோமீட்டர் இருக்கும். அதைவிட மெல்லிய, வளைந்து நெளிந்த கோடிக்கணக்கான வழிகளில் எண்ணெயும் உப்புநீரும் கலந்து நிற்கின்றன.

இந்த ஒரு படம் மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற எல்லாமே எளிதாக விளங்கும். குளத்திலிருந்து இறைப்பது வேறு, பாறைக்குள்ளிருந்து பிழிவது வேறு.

எண்ணெய் மேலே வரும் மூன்று கட்டங்கள்

முதலில் கிணறு தோண்டியதும், ஆழத்தில் இருக்கும் இயற்கையான அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்குவதுபோல், எண்ணெயில் கரைந்துள்ள வாயுவும் சேர்ந்து தள்ளும். எண்ணெய் வெளியேற வெளியேற அழுத்தம் குறையும். பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு அளவு வருவதற்குள்ளேயே இந்த வேகம் அடங்கிவிடும்.

இரண்டாம் கட்டத்தில், சில கிணறுகள் வழியாகத் தண்ணீரைப் பாறைக்குள் செலுத்துவார்கள். அந்தத் தண்ணீர் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போய் வேறு கிணறுகள் வழியாக வெளியேற்றும். இதனால் அழுத்தமும் குறையாமல் நிற்கும்; எண்ணெயும் கிடைக்கும். முதல் இரண்டு கட்டங்களிலும் சேர்த்துக் கிடைப்பதுதான் முன்னே சொன்ன மூன்றில் ஒரு பங்கு.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? தண்ணீர் செலுத்தச் செலுத்த, மறுபக்கத்தில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரே வரத் தொடங்குகிறது. பழைய வயல்களில் வெளிவரும் 100 லிட்டரில் 90 லிட்டருக்கு மேல் தண்ணீராகவே இருப்பதும் உண்டு. அவ்வளவு தண்ணீரையும் இறைத்து, பிரித்து, சுத்தப்படுத்தி மறுபடி உள்ளே செலுத்த வேண்டும். செலவு வரவை மிஞ்சும் நாளில் கிணற்றை மூடிவிடுவார்கள். 'வற்றியது' என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த நாளைத்தான். எண்ணெய் தீர்ந்ததால் அல்ல, கட்டுப்படியாகாததால் மூடுகிறார்கள்.

இங்கே இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, தண்ணீர் போகாமலேயே விட்டுவிட்ட இடங்களில் தங்கிய எண்ணெய். இரண்டு, தண்ணீர் போன இடத்திலும் சின்னச் சின்னத் துளிகளாகச் சிக்கிக்கொண்ட எண்ணெய். பாலிமர் முதல் சிக்கலுக்கான தீர்வு. நானோ துகள்களைப் பெரிதும் இரண்டாவதற்காக ஆராய்கிறார்கள். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே மேலே செல்வோம்.

தண்ணீர் ஏன் குறுக்கே ஓடிவிடுகிறது?

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது வரப்பில் ஓரிடத்தில் எலிப்பொந்து இருந்தால் என்ன ஆகும்? தண்ணீர் முழுவதும் அந்தப் பொந்து வழியாக ஓடிவிடும். வயலின் மறுகோடி காய்ந்தே கிடக்கும். ஓடுகிற பொருள் எதுவானாலும் எதிர்ப்பு குறைந்த வழியைத்தான் தேடும்.

பாறைக்குள் இதைவிட மோசம். தண்ணீரின் பாகுநிலை 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 1 சென்டிபாய்ஸ். ஆழத்தின் வெப்பத்தில் அது பாதியாகவும் குறையும். கச்சா எண்ணெயின் பாகுநிலையோ பல வயல்களில் தண்ணீரைப்போல் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு, அதற்கும் மேல். இளகி ஓடும் தண்ணீர், கெட்டியான எண்ணெயைத் தள்ள வேண்டும். எங்காவது ஓரிடத்தில் தண்ணீர் சற்றே முன்னேறினால், அந்த வழியில் எதிர்ப்பு குறைந்துவிடும். அதனால் அங்கேயே இன்னும் வேகமாக ஓடும். ஒரே சீராக நகர வேண்டிய தண்ணீர் முகப்பு, கைவிரல்களைப்போல் கிளைத்து எண்ணெய்க்குள் நுழைந்துவிடும். விரல்களுக்கு நடுவே உள்ள எண்ணெய் அப்படியே நின்றுவிடும். பாறையில் ஓரடுக்கு தளர்வாகவும் மற்றோர் அடுக்கு இறுக்கமாகவும் இருந்தால், தளர்வான அடுக்கே எலிப்பொந்தாகிவிடும்.

தள்ளுகிற திரவம் எவ்வளவு எளிதாக நகர்கிறது, தள்ளப்படுகிற திரவம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற விகிதத்தைப் பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். அந்த விகிதம் 1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் முகப்பு சீராக நகரும். 1ஐவிட மிகுந்தால் விரல்கள் முளைக்கும். ஆழத்தில் இருக்கும் எண்ணெயை இளக்குவதைவிட, மேலிருந்து செலுத்தும் தண்ணீரைக் கெட்டியாக்குவது பல இடங்களில் எளிது. முழு யோசனையும் இவ்வளவுதான்.

ஒரு லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம்

சோற்றுக் கஞ்சி ஏன் தண்ணீரைப்போல் ஓடுவதில்லை? அரிசியிலிருந்து வெளிவந்த ஸ்டார்ச்சின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் தண்ணீரில் பரவி ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால். எண்ணெய் வயலிலும் நடப்பது இதுவே. அங்கே பெரும்பாலும் பயன்படுவது பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரின் ஒரு வகை. அதன் மூலக்கூறு எடை ஒரு கோடிக்கும் மேல் போகும். தண்ணீரின் மூலக்கூறு எடை 18 என்பதோடு ஒப்பிட்டால் அதன் நீளம் புரியும்.

இவ்வளவு நீளமான சங்கிலி என்பதால் மிகக் குறைவாகக் கலந்தாலே போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் கலந்தால், அதன் பாகுநிலை பத்து மடங்கும் அதற்கு மேலும் உயரும். 1964ஆம் ஆண்டில் பை, சாண்டிஃபோர்ட் ஆகிய இருவரும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் இந்த முறைக்குத் தொடக்கமாக அமைந்தன.

இந்தச் சங்கிலியில் ஒரு நுட்பம் உண்டு. அதன் நெடுகிலும் எதிர்மின்சுமை கொண்ட தொகுதிகள் இருக்கின்றன. ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்கும் என்பது நம் மாணவர்களுக்குத் தெரியும். அந்த விலக்கத்தால் சங்கிலி சுருளாமல் நீண்டு விரிந்து நிற்கும். விரிந்து நின்றால்தான் தண்ணீர் கெட்டியாகும்.

அங்கேயே அதன் பலவீனமும் இருக்கிறது. தண்ணீரில் உப்பு இருந்தால், சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் அந்த எதிர்மின்சுமையைச் சூழ்ந்து மறைத்துவிடும். விலக்கம் குறையும், சங்கிலி சுருண்டுகொள்ளும், பாகுநிலை சரியும். வெப்பம் மிகுந்தாலும் சங்கிலி சிதையும். வேகமான பம்புகளிலும் குறுகிய வால்வுகளிலும் சிக்கினால் நீண்ட சங்கிலி அறுந்துபோகும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் இரும்பும் சேர்ந்து அதை உடைக்கும். எனவே பாலிமர் கலக்கும் நிலையங்களில் தண்ணீரின் உப்பளவு, ஆக்சிஜன், ஓட்ட வேகம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சாந்தன் என்ற மற்றொரு பாலிமரும் உண்டு. ஒரு வகை பாக்டீரியா உருவாக்கும் இது ஐஸ்கிரீமிலும் சாஸிலும் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கப்படுகிறது. உப்பை நன்கு தாங்கும். ஆனால் பாறைக்குள் இருக்கும் நுண்ணுயிரிகளுக்கு இது உணவாகிவிடும்.

டாச்சிங்கும் மங்களாவும்

சீனாவின் வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் மாநிலத்தில் 1959 செப்டம்பரில் ஒரு பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நாட்டின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவுக்குச் சில நாட்களே இருந்ததால் 'பெரும் கொண்டாட்டம்' என்ற பொருளில் டாச்சிங் என்று பெயரிட்டார்கள். பல ஆண்டுகள் தண்ணீர் செலுத்தி எண்ணெய் எடுத்த பிறகு, தண்ணீரே மிகுதியாக வரத் தொடங்கியது. 1970களிலேயே சிறிய அளவில் பாலிமரைச் சோதித்துப் பார்த்தார்கள். 1996 முதல் முழு அளவில் செலுத்தத் தொடங்கினார்கள். பாறைக்குள் முதலில் இருந்த மொத்த எண்ணெயில், தண்ணீரால் கிடைத்ததற்கு மேல் மேலும் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கு பாலிமரால் கிடைத்தது. இந்த முறை வேலை செய்யும் என்பதற்கு உலகம் காட்டும் முதல் சான்று இன்றும் டாச்சிங்தான்.

நம் நாட்டில், குஜராத்தின் சானந்த் வயலில் ஓ.என்.ஜி.சி. 1980களிலேயே பாலிமர் முன்னோட்டத்தைத் தொடங்கியது. பெரிய அளவில் நடந்தது ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில், தார்ப் பாலைவனத்தில் உள்ள மங்களா வயலில். இது 2004இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2009 ஆகஸ்டில் உற்பத்தியைத் தொடங்கியது.

மங்களா எண்ணெய் மெழுகு மிகுந்தது. வெளியே ஆறினால் உறைந்துவிடும். அதனால் அதைக் குஜராத்துக்குக் கொண்டுசெல்லும் 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாயை வழிநெடுகச் சூடாகவே வைத்திருக்கிறார்கள். பாறைக்குள் வெப்பநிலை சுமார் 65 டிகிரி. அந்த வெப்பத்தில் எண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ 9 முதல் 22 சென்டிபாய்ஸ் வரை. தண்ணீரினுடையது அரை சென்டிபாய்ஸுக்கும் சற்றுக் குறைவு. அதாவது எண்ணெய், தண்ணீரைவிட 20 முதல் 50 மடங்கு வரை கெட்டி. விரல்கள் முளைக்க இது போதும். அதனால் உற்பத்தி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே முன்னோட்டம் பார்த்து, 2015 வாக்கில் வயல் முழுவதும் பாலிமர் செலுத்தத் தொடங்கினார்கள். பாலைவனத்தில் நன்னீரைச் செலவிட முடியாது என்பதால் ஆழத்திலுள்ள உவர்நீரைப் பயன்படுத்துகிறார்கள். உப்பு பாலிமருக்கு ஆகாது என்று மேலே பார்த்தோம். ஆகவே எந்த உவர்ப்பில் எவ்வளவு பாலிமர் என்ற கணக்கு அங்கே மிக முக்கியம்.

மீதி எண்ணெய் ஏன் அசையவில்லை?

பாலிமர் கலந்த தண்ணீர் எல்லா இடத்துக்கும் சீராகப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பாறையின் சந்துகளில் எண்ணெய்த் துளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இதை மேல்நிலை வகுப்பில் ஒரு கணக்காகவே கொடுக்கலாம்.

ஒரு துளியின் வளைந்த பரப்பில் உள்ளே மிகும் அழுத்தம் = 2 × பரப்பு இழுவிசை ÷ ஆரம். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையே இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன் என்று கொள்வோம். ஒரு துளி 20 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள இடத்திலிருந்து 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குறுகிய வாய்க்குள் நுழைய வேண்டும். முன்முனையில் அழுத்தம் 12,000 பாஸ்கல்; பின்முனையில் 3,000 பாஸ்கல். வேறுபாடு 9,000 பாஸ்கல். துளியின் நீளமோ 0.1 மில்லிமீட்டர்தான்.

இப்போது தள்ளும் விசையைப் பார்ப்போம். இரு கிணறுகளுக்கு இடையே 300 மீட்டர் தூரம், அழுத்த வேறுபாடு 30 லட்சம் பாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டருக்கு 10,000 பாஸ்கல். 0.1 மில்லிமீட்டருக்கு 1 பாஸ்கல். தேவைப்படுவது 9,000, கிடைப்பது 1. துளி நகராததில் வியப்பில்லை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. பம்பின் வேகத்தைக் கூட்டி இந்த எண்ணெயை எடுக்க முடியாது. பரப்பு இழுவிசையைக் குறைக்க வேண்டும், அல்லது எண்ணெய் பாறையோடு ஒட்டும் தன்மையை மாற்ற வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தை வெறும் தண்ணீரில் எவ்வளவு வேகமாகக் கழுவினாலும் போகாது, சோப்பு வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். சோப்பு வகைப் பொருள்களைச் செலுத்தும் முறையும் உண்டு. ஆனால் விலை அதிகம்.

நானோ துகள் என்ன செய்யும்?

ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா துகளை எடுத்துக்கொள்வோம். மணலும் சிலிக்காதான் என்பது நினைவிருக்கட்டும். பாறையின் 10 மைக்ரோமீட்டர் சந்தைவிட இது ஆயிரம் மடங்கு சிறியது. 2 மீட்டர் உயர வாசலில் 2 மில்லிமீட்டர் கடுகு நுழைவதுபோல் எளிதாக நுழையும்.

பொருளைப் பொடியாக்கினால் பரப்பு பெருகும். 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். ஏழு இறகுப்பந்து ஆடுகளங்களின் பரப்பு அது. இவ்வளவு பரப்பு இருப்பதால்தான் சிறிதளவு துகளும் எண்ணெய், தண்ணீர், பாறை மூன்றும் சந்திக்கும் இடத்தில் மாற்றத்தை உண்டாக்குகிறது.

ஆய்வகங்களில் கண்டவை மூன்று. முதலாவது, எண்ணெயை விரும்பி ஒட்டிக்கொண்டிருந்த பாறைப் பரப்பில் சிலிக்கா துகள்கள் படிந்து, அதைத் தண்ணீரை விரும்பும் பரப்பாக மாற்றுகின்றன. இரண்டாவது, எண்ணெய்த் துளியும் பாறையும் சேரும் ஆப்பு போன்ற குறுகிய இடுக்கில் துகள்கள் வரிசையாக அடுக்கிக்கொண்டு, துளியை மெல்ல நெம்பித் தூக்குகின்றன. இதை விளக்கும் ஆய்வை வாசன், நிகோலோவ் இருவரும் 2003இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். மூன்றாவது, பாலிமரோடு சேர்த்தால், துகள்கள் சங்கிலிகளைப் பிணைத்து, உப்பிலும் வெப்பத்திலும் பாகுநிலை சரியாமல் ஓரளவு தாங்குகின்றன. பாலிமரின் பலவீனத்துக்குத் துகள் துணை நிற்பதால் இந்தக் கலவை பலருடைய கவனத்தையும் ஈர்த்திருக்கிறது.

இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். 'நானோ' என்றவுடன் எல்லாம் முடியும் என்று மாணவர்கள் நினைத்துவிடுவார்கள். விளம்பரங்களும் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. மேலே சொன்ன மூன்றும் பெரும்பாலும் கையளவு பாறைத் துண்டுகளில் செய்த சோதனைகள். உப்புநீரில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடலாம். திரண்டால் கடுகு கல்லாகிவிடும்; வாசலையே அடைத்துவிடும். பாறையில் படிந்து பாதி வழியிலேயே தீர்ந்துபோகலாம். ஒரு வயலுக்குத் தேவைப்படும் அளவில் தயாரிக்கச் செலவும் மிகுதி. பாலிமர் பல பத்தாண்டுகளாக வயல்களில் நிலைபெற்ற முறை. நானோ துகள், நம்பிக்கை தரும் ஆய்வு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுப்பதும் அறிவியல் பாடம்தான்.

வகுப்பில் செய்து பார்த்தவை

விரல்களைக் காட்டும் சோதனை: ஒளி ஊடுருவும் இரண்டு கெட்டியான பிளாஸ்டிக் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் நடுவில் சிறு துளை இடுங்கள். நான்கு மூலைகளிலும் மடித்த காகிதத்தை வைத்து, இடையே மிகச் சிறிய இடைவெளி இருக்குமாறு கிளிப் போட்டு இறுக்குங்கள். இடைவெளியில் கடலை எண்ணெயை நிரப்புங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் நடுத்துளை வழியே சிவப்பு மை கலந்த தண்ணீரை மெதுவாகச் செலுத்துங்கள். வட்டமாகப் பரவாமல் கிளை கிளையாக ஓடும். அடுத்து, வடிகட்டிய கெட்டிக் கஞ்சியில் மை கலந்து அதே வேகத்தில் செலுத்துங்கள். விரல்கள் குட்டையாகி, முகப்பு வட்டத்தை நெருங்கும். இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் தனியாக விளக்கம் தேவைப்படாது.

உப்பின் வேலை: புதிய டயாபர் ஒன்றைப் பிரித்தால் பஞ்சுக்குள் வெள்ளைத் துகள்கள் இருக்கும். அதுவும் எதிர்மின்சுமை கொண்ட ஒரு பாலிமர். எண்ணெய் வயல் பாலிமருக்கு நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் கூழாகத் திரளும். அதன்மேல் உப்பைத் தூவிக் கிளறினால் கூழ் இளகித் தண்ணீர் பிரியும். மின்சுமை மறைந்து சங்கிலி சுருள்வதைக் கண்ணால் பார்க்கலாம். பொடி மூக்கில் ஏறாதபடி ஆசிரியரே கையாள வேண்டும். முடிந்த பிறகு கூழைத் தொட்டியில் ஊற்றாமல் குப்பையில் சேர்க்க வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு: தண்ணீர் பாட்டிலில் மணலை நிரப்பி, அளந்து எண்ணெய் ஊற்றி, சில நிமிடம் கழித்துக் கவிழ்த்து வடியும் எண்ணெயை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 'மீதி எங்கே போச்சு?' என்ற கேள்வியைக் குழந்தைகளே கேட்பார்கள்.

மாணவர்கள் கேட்கப்போகும் அடுத்த கேள்வி

என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், பெட்ரோல் எரிச்சா பூமி சூடாகுதுன்னு போன பாடத்துல சொன்னீங்க. அப்புறம் ஏன் மீதியையும் எடுக்கணும்?"

இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்லி முடிக்கக் கூடாது. நம் நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. ஏற்கெனவே தோண்டிய கிணற்றிலிருந்து கூடுதலாக எடுத்தால் புதிய இடத்தைத் தோண்டும் தேவை குறையலாம். மறுபக்கம், எடுப்பதெல்லாம் எரிக்கப்பட்டுக் காற்றில் கலக்கும். பாலிமர் கலந்து வெளிவரும் தண்ணீரைச் சுத்தப்படுத்துவதும் கடினம். நானோ துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலந்தால் என்ன ஆகும் என்பதும் ஆராயப்பட வேண்டியது. டெல்டா மாவட்டங்களில் பணியாற்றும் நண்பர்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. நரிமணம், கமலாபுரம் பகுதிகளில் எண்ணெய்க் கிணறுகள் உண்டு. 2020இல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியதும் மாணவர்களின் வீடுகளில் பேசப்பட்டதுதான். நம் கருத்தைத் திணிக்காமல், இரு பக்கத் தகவல்களையும் கொடுத்து அவர்களையே வாதிடச் செய்யலாம்.

இன்னொன்றையும் சொல்லலாம். இந்த அறிவு எண்ணெய்க்கு மட்டும் உரியதல்ல. மாசுபட்ட நிலத்தடி நீரில் மருந்துக் கரைசல் எல்லா இடத்துக்கும் சீராகப் பரவவும் பாலிமர் கலந்து செலுத்துகிறார்கள். குடிநீர்ச் சுத்திகரிப்பில் கலங்கலைத் திரட்டவும் பாலிஅக்ரிலமைடு பயன்படுகிறது.

மறு வாரம் அதே வகுப்புக்குப் போனேன். பழைய படத்தை மறுபடி வரைந்து, கறுப்புக் குளத்தை அவர்கள் பார்க்க அழித்தேன். அந்த இடத்தில் மணற்பரல்களை வட்டம் வட்டமாக வரைந்து, இடுக்குகளில் மட்டும் கறுப்பைத் தீட்டினேன். "போன வாரம் நான் சொன்ன பதில் தப்பும்மா. கடைசிச் சொட்டு வரைக்கும் எடுக்க முடியாது" என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ வத்திப்போன கிணறுன்னு சொல்லக் கூடாதுல்ல சார்?" என்றாள்.

இந்த முறை அவசரப்படாமல், "ஏன் சொல்லக் கூடாதுன்னு நீயே எல்லாருக்கும் சொல்லு" என்று சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன்.